சிலம்பாயியின் கால்

பொம்மைப் படம் சேர்க்கிற டைப்ரைட்டிங் டீச்சர் வீடு எது என்று கேட்டால் பழங்காநத்தத்தில் எந்தக் கடைக்காரரும் வழி சொல்லிவிடுவார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சிரிக்கட்டும். சிலர் ஸ்டாம்பு சேர்க்கிறார்கள், சிலர் வீட்டுக்கு மேல் வீடாகச் சேர்க்கிறார்கள், அவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. நான் சேர்ப்பது பத்திரிகையில் வந்த படக்கதையின் ஒரிஜினல்களை. அச்சான தாள் இல்லை, ஓவியர் தன் கையால் கெட்டி அட்டையில் இந்தியன் இங்க் தொட்டு வரைந்தது. அந்த அட்டையைக் கேமராவில் பிடித்து, தகட்டில் பிளாக் எடுத்து, அச்சடித்து முடித்ததும் மூலையில் எறிந்துவிடுவார்கள். மூலை நிறைந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போகும். அங்கிருந்து நோட்டுக்கு அட்டையாகவும், காலண்டருக்கு முதுகாகவும், மிட்டாய்ப் பெட்டிக்கு அடியாகவும் ஊர் சுற்றப் போய்விடும். அத்தனை இடத்துக்கும் பின்னாலேயே போய் நான் பிடித்து வந்திருக்கிறேன்.

எல்லாப் படக்கதையும் எனக்கு வேண்டாம். வேண்டியது ஒன்றுதான். ஐம்பதுகளில் 'கூடல் செய்தி' நாளிதழில் வந்த 'சிலம்பாயி'. தினமும் மூன்று கட்டம். சிலம்பாயி ஒரு கூலிக்காரி, கையில் கம்பு வைத்திருப்பாள். ஊர் ஊராக வேலை தேடிப் போவாள், அநியாயம் கண்ட இடத்தில் கம்பைச் சுழற்றுவாள். அவ்வளவுதான் கதை. ஆனால் அவள் போகிற இடமெல்லாம் புல் முளைக்கும். வயலில் புல் முளைத்தால் சரி. சந்தைக்கு நடுவில் முளைத்தது. கோர்ட்டில் ஜட்ஜுக்கு முன்னால் முளைத்தது. ஒருநாள் ரயில் பெட்டிக்குள்ளேயே முளைத்தது. மற்ற எல்லார் காலும் பளிச்சென்று தெரியும், அவள் கால் மட்டும் கணுக்காலோடு புல்லுக்குள் போய்விடும். பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லாரும், இவளுக்குக் காலே கிடையாது, இவள் மோகினி என்று முடிவுகட்டி வைத்திருந்தோம்.

அப்போது என் அப்பா லாசர், உசிலம்பட்டிக்கு இந்தப் பக்கம் ஓர் ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்துப் பியூன். ஊர் பேர் வேண்டாம். அந்த ஊரில் பெரிய மனிதர்கள் கூடி உட்காரும் மந்தையைத் தாண்டும்போது எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்பாவும் எடுத்துக்கொள்வார். கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒரு ஜோடி சிவப்புச் செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு, அதையும் கையில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு எட்டு வயது. அப்போது வந்த கோபம் இன்னும் போகவில்லை, போக வேண்டும் என்று நானும் ஆசைப்படவில்லை.

அந்த வருஷம்தான் ஒருநாள் பேப்பரில் புல் இல்லாமல் சிலம்பாயி வந்தாள். மந்தை, அதில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள், நடுத்தெருவில் அவள். காலில் வார் வைத்த செருப்பு. மறுநாள் எங்கள் ஊர் மந்தை ஆட்கள் லாரி ஏறிப் போய்ப் பத்திரிகை ஆபீஸ் வாசலில் பேப்பரைக் கட்டுக் கட்டாகப் போட்டுக் கொளுத்தினார்கள். அதற்கடுத்த நாள் சிலம்பாயி வரவில்லை. தூக்கிய கம்பு தூக்கியபடியே நின்றுபோனது. முற்றும் என்றுகூட ஒரு வார்த்தை போடவில்லை.

புல் எங்கிருந்து வந்தது என்பது வளர்ந்து இந்தப் படங்களைச் சேர்க்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கிடைத்த ஒரிஜினல்களை டிரங்குப் பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்திருந்தேன். அப்படியும் ராமபாணப் பூச்சி உள்ளே புகுந்துவிட்டது. பூச்சிக்குப் படம் பிடிக்கவில்லை, படத்தின் அடியில் ஒட்டியிருந்த மைதா பசை பிடித்திருந்தது. பசையைத் தின்றுவிட்டது. அட்டையை எடுத்தால் புல் தனியாகக் கழன்று என் மடியில் விழுந்தது. ஒரு துண்டுத் தாளில் வேறு யாரோ வரைந்து ஒட்டிய புல். அடியில் சிலம்பாயியின் பாதம், அதில் வார் செருப்பு. முதல் நாளிலிருந்தே ஓவியர் அவளுக்குச் செருப்புப் போட்டுத்தான் வரைந்திருக்கிறார். பிளாக் எடுப்பதற்கு முன்னால் ஆபீஸில் தினமும் புல்லை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டுகிற ஆள் ஒருநாள் மறந்திருக்கிறான், அன்றைக்குத்தான் லாரி கிளம்பியிருக்கிறது.

அந்த ஒன்று தானாகக் கழன்றது. மற்ற அட்டைகளில் புல்லை நான் உரிக்கவில்லை. ஒரிஜினல் சேர்க்கிறவள் ஒரிஜினலில் கை வைக்கக் கூடாது. வரைந்தவருக்குத்தான் அந்த உரிமை. என்னிடம் இருக்கிற ஒரே ஒழுங்கு அதுதான்.

எண்பத்து நாலில் 'கூடல் செய்தி'க்கு நாற்பதாவது ஆண்டு விழா வந்தது. திருப்பரங்குன்றத்தில் கல்யாண மண்டபம் பிடித்து, பழைய படங்களைக் கண்காட்சி வைக்கப்போகிறோம் என்று மேனேஜர் காசிமாயன், வீட்டு மாடியில் நான் நடத்தும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தார். ஹையர் பேட்ச் பிள்ளைகள் தட்டிக்கொண்டிருந்த சத்தத்தில் அவர் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"சிலம்பாயி படம் மொத்தமும் உங்ககிட்ட இருக்காம்ல டீச்சர். எங்க ஆபீஸ்ல ஒரு துண்டு இல்ல. பெரிய மனசு பண்ணிக் குடுத்தீங்கன்னா, உங்க பேரைப் போட்டே மாட்டிருவோம்."

எனக்குச் சந்தோஷம்தான். பெட்டியைத் திறந்து காட்டினேன். ஆசையாகத்தான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். புல் கழன்ற அட்டை கைக்கு வந்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இது என்ன டீச்சர், இப்பிடி இருக்கு."

"அவ அப்பிடித்தான் இருந்தா. நீங்கதான் மூடி வச்சிருந்தீங்க."

"அது அந்தக் காலம். இத மட்டும் நல்லா ஒட்டிருங்க. மத்ததும் பசை விட்டுப்போயிருக்கும், எல்லாத்தையும் ஒருக்கா அமுத்தி ஒட்டிட்டா நல்லது. விழாவுக்குத் தலைமை கண்ணுச்சாமி ஐயா. உங்க பழைய ஊருக்காரருதான். அவரு மில்லு விளம்பரம் இல்லாட்டி எங்களுக்குப் பேப்பரே இல்ல. அவரு முன்னாடி போயி இத மாட்ட முடியுமா."

கண்ணுச்சாமியை எனக்குத் தெரியும். அன்றைக்கு லாரியில் ஏறின இளவட்டங்களில் முன்னால் நின்றவர். இப்போது ரைஸ் மில், நாலு லாரி, ஊருக்குப் பெரிய மனிதர்.

"ஒட்ட மாட்டேன்" என்றேன்.

"அது ஆபீஸ் சொத்து டீச்சர். ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொன்னா ஏட்டையா வந்து பெட்டியோட எடுத்துட்டுப் போயிருவாரு."

"மிட்டாய்ப் பெட்டிக்கு அடியில கெடந்தப்ப எங்க போயிருந்துச்சு உங்க சொத்து. ஏட்டையாவ வரச் சொல்லுங்க. ஒவ்வொண்ணும் எந்தக் கடையில பொறுக்குனேன்னு சொல்றேன், அம்புட்டுக் கடைக்கும் அவரையும் கூட்டிக்கிட்டுப் போறேன்."

பிள்ளைகள் தட்டுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் ஒரு அதட்டு அதட்டினேன். காசிமாயன் போனதும் அப்பா வந்து மெதுவாக ஆரம்பித்தார். வயசாகிவிட்டது, இங்கே என்னோடுதான் இருக்கிறார்.

"குடுத்துரும்மா விக்டோரியா. ஒட்டிக் குடுத்தா என்ன, படம்தானே. அந்த ஊரு வாசமே வேண்டாம்னுதானே இங்க வந்தோம்."

"படம்தானேன்னா அவங்க எதுக்கு லாரி ஏறுனாங்க, அப்பா."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். யார் என்ன சொன்னாலும் நான் கேட்கமாட்டேன் என்று வீட்டில் எனக்கு எப்போதோ தண்ணீர் தெளித்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் காசிமாயன் திரும்பி வந்தார். ஏட்டையாவை அழைத்து வரவில்லை, அதைவிடப் பெரிய ஆளை அழைத்து வந்திருந்தார். வெள்ளை வேட்டி, நகக்கண்ணில் பெயிண்ட், காதோரம் நரை. எழுமலையில் கடைகளுக்குப் போர்டு எழுதிப் பிழைக்கிறவராம்.

"இவருதான் டீச்சர் மலையாண்டி. சிலம்பாயிய வரைஞ்சவரு. நான் சொன்னாத்தான் கேக்க மாட்டீங்க, அவரு சொன்னாக் கேப்பீங்கல்ல."

எத்தனை வருஷமாக இந்தக் கையைத் தேடியிருக்கிறேன். நாற்காலி போட்டேன், காபி கொண்டுவரச் சொன்னேன். அவர் காபியைக் குடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"புல்ல ஒட்டிக் குடுத்துருங்க தாயி."

"நீங்களா சொல்றீங்க" என்று கேட்டேன்.

"நான் ஒண்ணும் ஊர எதுக்கறதுக்காக வரையல தாயி. எழுமலைப் பக்கம் வந்து பாருங்க, பூராம் கருவேல முள்ளு. கம்பத் தூக்கிக்கிட்டு அலையிற பொம்பள வெறுங்காலோட எப்பிடி நடப்பா. செருப்புப் போட்டேன். அம்புட்டுத்தான். கண்ணுச்சாமி எனக்குத் தூரத்துப் பங்காளி. அன்னையிலருந்து எங்க சனத்துக்குள்ள எனக்குப் பேரு செருப்பு மலையாண்டி. கல்யாணத்துக்குப் போனா அந்தப் பேரு, சாவுக்குப் போனா அந்தப் பேரு. இப்ப அவரு கையாலயே மேடையில பொன்னாடை போடுறேங்கிறாரு. போட்டுட்டா அந்தப் பேரு போயிரும்ல தாயி."

கோபப்படவும் முடியவில்லை, கோபப்படாமலும் இருக்க முடியவில்லை. பெட்டியை இழுத்து அவர் முன்னால் வைத்தேன். கழன்று விழுந்த புல் துண்டையும் பசை டப்பாவையும் பக்கத்தில் வைத்தேன்.

"நான் ஒட்ட மாட்டேண்ணே. வரைஞ்சவருக்குத்தான் அந்த உரிமை, நீங்களே ஒட்டுங்க. உங்க கையால ஒட்டிட்டீங்கன்னா பெட்டியோட தூக்கிட்டுப் போங்க, நான் வாயத் திறக்க மாட்டேன்."

அவர் ஒட்டிவிட்டால் எல்லாம் போச்சு. வரைந்தவரே மூடிவிட்டார் என்றால் பிறகு நான் யார் கேட்க. காசிமாயன் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது.

மலையாண்டி அண்ணன் பசையில் விரலை வைத்தார். புல் துண்டைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். தூரக் கொண்டுபோனார். பெட்டியிலிருந்து இன்னோர் அட்டையை எடுத்து அதிலிருந்த புல்லையும் பார்த்தார். இன்னொன்றையும் எடுத்தார்.

"எவன்யா இத வரைஞ்சது" என்று காசிமாயனைக் கேட்டார்.

"ஆபீஸ்ல அப்ப இருந்த ஆளு யாராவது இருக்கும்ணே. அதெதுக்கு இப்ப."

"எதுக்கா. நான் எழுமலையில வரைஞ்சு பஸ்ல கண்டக்டர்கிட்ட குடுத்து விட்டுருவேன். திரும்பி பேப்பராத்தான் பாத்தேன். கூடல் செய்தி அச்சு உனக்குத் தெரியாதா, மூஞ்சியே மூஞ்சியாத் தெரியாது. புல்லு ஏதோ புல்லு மாதிரி இருந்துச்சு, விட்டுட்டேன். இது புல்லாயா. வெங்காயத் தாள வரிசையா நட்டு வச்சிருக்கான். கோர்ட்டுக்குள்ளயும் வெங்காயம், ரயில்லயும் வெங்காயம். கோடுன்னு ஒண்ணு இருக்கா இதுல. இத என் படத்துல ஒட்டி ஊரு பூராம் காட்டியிருக்கான். மேடையில வேற இதக் காட்டி, இவருதான் வரைஞ்சாருன்னு எனக்குப் பொன்னாடையா."

குரல் உயரவே இல்லை. ஆனால் விரலில் எடுத்த பசையை டப்பாவின் விளிம்பிலேயே வழித்துவிட்டார். ஊரே செருப்பு என்று கூப்பிட்டும் பொறுத்துக்கொண்ட மனிதர். அந்தக் கோணல் புல்லை மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"தாயி, கொஞ்சம் பஞ்சும் தண்ணியும் குடுங்க" என்றார்.

காசிமாயன் எழுந்து நின்றார். "அண்ணே, யோசிச்சுச் செய்யுங்க. இத உரிச்சா பொன்னாடை கிடையாது. மேடையும் கிடையாது."

"பேரு பழகிருச்சு மாப்ள. நீ கெளம்பு."

அவர் கிளம்பினார். நானும் மலையாண்டி அண்ணனும் டைப்ரைட்டர் மேசைகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தோம். ஈரப் பஞ்சை ஒற்றி ஒற்றி, நகத்தால் நெம்பி, அவர் ஒவ்வொரு புல்லாக உரித்தார். அடியில் இருந்து கால் கால் என வந்துகொண்டே இருந்தது. சந்தையில் நடக்கிற கால், தாவுகிற கால், ரயிலில் எதிர் சீட்டில் நீட்டிய கால். ஒவ்வொன்றிலும் செருப்பு, ஒவ்வொரு செருப்பிலும் வார் தேய்ந்திருந்த விதம் வேறு வேறு. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

எல்லாம் ஒழுங்காக வரவில்லை. சில அட்டைகளில் பசை கெட்டிப்பட்டு, புல்லோடு அட்டையின் மேல்தோலும் உரிந்து வந்துவிட்டது. அந்தப் படங்களில் சிலம்பாயிக்குக் கணுக்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை, பிய்ந்த வெள்ளைதான் இருந்தது. அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து பிரஷ் எடுத்தார்.

"இங்க் இருந்தாக் குடுங்க. காலப் போட்டுர்றேன். அஞ்சு நிமிச வேலை."

"வேண்டாம்ணே."

"ஏன்."

"கூடாதுண்ணே."

அவருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "என் படம் தாயி. நான் வரைஞ்சது. நான் தொடக் கூடாதா. இம்புட்டு நேரம் நீங்கதான சொன்னீங்க, வரைஞ்சவனுக்குத்தான் உரிமைன்னு."

"வரைஞ்சது நீங்க. பிய்ச்சது அவங்க பசை. அத எதுக்கு நீங்க பூசி மெழுகிக் குடுக்கறீங்க. நாளைக்கு வந்து பாக்குறவன், எல்லாக் காலும் நல்லாத்தானே இருக்கு, யாரு என்ன செஞ்சுட்டாங்கன்னு கேப்பான். பிஞ்சது பிஞ்ச மாதிரியே தொங்கட்டும்."

மனிதரையே மதிக்காமல் பேசிவிட்டேனோ என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றினாலும் வார்த்தையைத் திருப்பி எடுக்கவில்லை. அவர் பிரஷ்ஷைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்தார். பிறகு பையில் போட்டுக்கொண்டார்.

"உங்ககிட்ட சிக்குனதுக்கு அந்தக் கண்ணுச்சாமியே தேவல போலயே" என்றார். முதல்முறையாகச் சிரித்தார்.

அங்கே விழா வைத்த அதே ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மாடியில் நாங்கள் படங்களை மாட்டினோம். மலையாண்டி அண்ணனே ஒரு தகரத்தில் போர்டு எழுதி ரோட்டில் நிறுத்தினார்: 'சிலம்பாயி மேலே இருக்கிறாள். கால் உண்டு.' முதலில் வந்தவர்கள் என் பிள்ளைகள்தான், பிறகு அவர்களின் அம்மாக்கள். பிறகு பஸ் டிரைவர்கள், பள்ளிக்கூட டீச்சர்கள், பழைய பேப்பர் கடைக்காரர், யாரென்றே தெரியாத ஒரு கிழவர். அந்தக் கிழவர் பிய்ந்த படத்துக்கு முன்னால்தான் நெடுநேரம் நின்றார். யாரும் அவருக்கு விளக்கம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

பத்து மணி வாக்கில் கீழே கார் வந்து நின்றது. காசிமாயன்தான் போய் வத்தி வைத்திருக்க வேண்டும். கண்ணுச்சாமி இரண்டு ஆட்களோடு படியேறி வந்தார். என் அப்பா ஆணி டப்பாவைக் கையில் பிடித்தபடி சுவரோடு ஒட்டி நின்றார்.

கண்ணுச்சாமி ஒரு சுற்றுப் பார்த்தார். அவள் செருப்போடு மந்தையில் நிற்கிற படம் வந்ததும் நின்றார்.

"ஏம்மா, பழசக் கிண்டாத. அன்னைக்கு நடந்தது நடந்துபோச்சு. உங்கப்பனும் நானும் ஒரே ஊருத் தண்ணி குடிச்சவங்க. சாயங்காலம் மேடையில இருக்கேன், இங்க இப்பிடி ஒண்ண மாட்டி வச்சா பாக்குறவன் என்னய என்னன்னு நெனப்பான். மரியாதையாச் சொல்றேன், எறக்கிரு."

"நானா எறக்க மாட்டேன்" என்றேன்.

"அப்ப நாங்க எறக்குறோம்" என்று கூட வந்தவர்களில் ஒருவன் முன்னால் வந்தான். அப்போதுதான் என் கண் அவர்கள் காலுக்குப் போனது.

என் இன்ஸ்டிட்யூட்டில் செருப்போடு யாரும் ஏறக் கூடாது. மண் பறந்தால் மிஷினுக்கு ஆகாது. படிக்கட்டுக்குக் கீழே பிள்ளைகளின் செருப்பு எப்போதும் வரிசையாகக் கிடக்கும். அதைப் பார்த்ததும் எவ்வளவு கோபத்தில் வருகிறவர் காலும் தானாகச் செருப்பைக் கழற்றிவிடும். இந்த மூன்று பேரும் கழற்றிவிட்டுத்தான் வந்திருந்தார்கள். பழைய பேப்பர் கடைக்காரரின் ரப்பர் செருப்புக்குப் பக்கத்தில் கண்ணுச்சாமியின் தோல் செருப்பு கிடந்திருக்கும்.

"தாராளமா எறக்குங்க" என்றேன். என் குரல் எனக்கே நிதானமாகக் கேட்டது. "ஆனா கீழ போயி உங்க செருப்பப் போட்டுக்கிட்டு வந்து எறக்குங்கண்ணே. என் வீட்டுல நீங்க வெறுங்காலோட நின்னுக்கிட்டு, அவ செருப்பக் கழட்டச் சொல்லாதீங்க."

கண்ணுச்சாமி குனிந்து தன் காலைப் பார்த்தார். கூட வந்தவர்களும் பார்த்தார்கள். அறையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

மலையாண்டி அண்ணன் மட்டும் பார்க்கவில்லை. மிச்சமிருந்த ஒரு படத்தைச் சுவரில் பிடித்தபடி ஸ்டூலில் ஏறி நின்று, இன்னொரு கையைப் பின்னால் நீட்டினார். என் அப்பா டப்பாவிலிருந்து ஓர் ஆணியை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.